இறக்கத்தில் தெரியும் காரின் குணம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில். இரண்டு பேர் ஏறிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, மொத்தம் 1,100 கிலோ எடையோடு, நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனை உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் வெப்பமாக்கினால் சுமார் 45 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் எஞ்சினின் இழுவையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தைத் தாங்க வேண்டியது பிரேக்.

வார இறுதியில் ஓட்டி மகிழ ஒரு கார் வேண்டும். அது அறுபது வயதான பிரித்தானியக் காராக இருக்கட்டுமா, அண்மைக்கால ஜப்பானியக் காராக இருக்கட்டுமா? கொழும்பிலோ சென்னையிலோ இந்தக் கேள்வி பெரும்பாலும் அழகையும் விலையையும் சுற்றி வரும். கண்டியிலும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. எத்தனை குதிரைவலு, எவ்வளவு வேகமாக ஏறும், கூரையைத் திறக்க முடியுமா என்று கேட்பார்கள். ஆனால் இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கார் எப்படி இறங்கும் என்பதைத்தான்.

காரணம், கண்டியைச் சுற்றியுள்ள சாலைகள். மேற்கே கொழும்பு செல்லும் ஏ-1 சாலை கடுகண்ணாவைக் கணவாயில் இறங்குகிறது. 1820களில் வெட்டப்பட்ட அந்தச் சாலைக்குப் பொறுப்பாக இருந்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. கிழக்கே ஏ-26 சாலை திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடுதும்பர வழியாகப் போய், மகியங்கனைச் சமவெளிக்குச் சரியும் இடத்தில் பெயர்பெற்ற பதினெட்டு வளைவை எடுக்கிறது. சாலையை விரிவாக்கியபோது ஒரு வளைவு குறைந்துவிட்டது. பெயர் மட்டும் பதினெட்டாகவே நிலைத்துவிட்டது. தெற்கே பேராதனையில் தொடங்கும் ஏ-5 கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று தேயிலைக்குள் ஏறி நுவரெலியாவுக்குப் போகிறது. வடக்கே ஏ-9, மாத்தளை தாண்டி யாழ்ப்பாணம் வரை.

நகரத்துக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். பேருந்தும் தேயிலை லொறியும் ஓட்டோவும் கலந்து ஓடும் மலைச் சாலையில் அதையும் எட்டுவது அரிது. மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம–குருணாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது என்றாலும் அதிவேகப் பாதை இன்னும் கண்டிக்கு வரவில்லை. ஆகவே 300 குதிரைவலுக் காரை வைத்திருப்பவருக்கும் 60 குதிரைவலுக் காரை வைத்திருப்பவருக்கும் இறம்பொடைச் சாலையில் பயண நேரம் பெரிதாக மாறப்போவதில்லை. எடை குறைவு, ஸ்டியரிங்கின் நுட்பம், நம்பி மிதிக்கக்கூடிய பிரேக் ஆகிய மூன்றும்தான் இங்கே ஓட்டும் இன்பத்தைத் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டிலும் பழைய கார்கள் புதியவற்றோடு தைரியமாகப் போட்டி போடும். மூன்றாவதில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

1958இல் வந்த ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டை எடுத்துக்கொள்ளலாம். பொனற்றின் மேல் தவளைக் கண்களாக எழுந்து நிற்கும் இரண்டு விளக்குகள் அதன் அடையாளம். 948 சிசி எஞ்சின், 43 குதிரைவலு, வெளியே கைப்பிடி இல்லாத கதவுகள், பின்பக்கம் திறக்காத டிக்கி. குறைந்த செலவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்க வேண்டும் என்பதற்காக அதை வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே சந்தையில் இருந்த கார்களின் பாகங்களை எடுத்துக்கொண்டார்கள். முன் சஸ்பென்ஷன் ஒஸ்டின் ஏ-35இலிருந்து வந்தது, ஸ்டியரிங் மொரிஸ் மைனரிலிருந்து வந்தது. எஞ்சின் மைனரும் ஏ-35உம் பகிர்ந்துகொண்ட அதே ஏ-சீரிஸ். 1951இல் ஒஸ்டின் ஏ-30 காரில் 803 சிசியாகப் பிறந்த அந்த எஞ்சின் குடும்பம், மினி கார் வழியாக 2000ஆம் ஆண்டு வரை தயாரிப்பில் இருந்தது.

இலங்கையில் இந்தத் தகவலுக்குப் பண மதிப்பு உண்டு. ஸ்பிரைட்டும் அதன் உடன்பிறப்பான எம்ஜி மிட்ஜெட்டும் தீவில் எஞ்சியிருப்பவை சிலவே. ஆனால் மொரிஸ் மைனரும் மினியும் ஏராளமாக வந்து இறங்கிய நாடு இது. அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் இன்னமும் இருக்கிறார்கள். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கலாம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் மைனருக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கும் முயற்சியில் இறங்கினார் என்றால் இங்குள்ள கைவேலையின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கைவேலை வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு பொருளாதார வரலாறு இருக்கிறது. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய கார்களின் இறக்குமதி மிகவும் சுருங்கிப்போனது. கையில் இருக்கும் காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்தார்கள். துருப்பிடித்த தகட்டை டிங்கர் பாஸ் வெட்டிவிட்டுப் புதிதாகத் தட்டிச் சேர்த்தார். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்தன. அதற்குள் ஒரு தலைமுறை பிரித்தானியக் கார்கள் உயிர்பிழைத்துவிட்டன. 1945க்கு முன் இலங்கையில் பதிவான பயணிகள் காரை இன்று வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் ஏற்றுமதி உரிமம் தேவை. அவற்றை நாட்டின் சொத்தாகக் கருதியிருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. இன்னும் முன்பே அப்படிக் கருதியிருந்தால் நாட்டைவிட்டுப் போன எத்தனையோ கார்கள் இங்கேயே இருந்திருக்கும்.

பழைய காரின் இலக்கத் தகடும் ஒரு வரலாற்று ஏடு. ஈஎன், ஈவை, சிஎல் போன்ற ஆங்கில எழுத்துகளோடு இருந்தால் அது சிலோன் காலத்துப் பதிவு. 1957இல் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து நடத்திய போராட்டத்தில் அந்த எழுத்தின் மீது தார் பூசப்பட்டது. 1958இல் வடக்கும் கிழக்கும் அந்தப் போராட்டத்தில் கொதித்துக்கொண்டிருந்தன. அதே ஆண்டின் வன்செயல்களுக்கு முன்னோடியாக அமைந்த நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. அறுபதுகளின் கார் ஒன்றை வாங்கப் போகும் தமிழர், தகட்டில் இருக்கும் அந்த எழுத்தைக் கடந்துதான் பொனற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கார்களைப் பேணும்போது அவற்றோடு வரும் நினைவையும் மறைக்காமல் பேண வேண்டும்.

இனி பிரேக்குக்கு வருவோம். 1958 ஸ்பிரைட்டில் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக். மொரிஸ் மைனருக்கு அதன் காலம் முழுவதுமே டிரம்தான். டிரம் சூடேறினால் விரிகிறது. உள்ளே இருக்கும் ஷூக்களிலிருந்து அது விலகிப்போவதால் பெடல் மேலும் கீழே போகிறது. ஷூவின் மேற்பரப்பும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. லபுக்கலையிலிருந்து இறம்பொடை வரை பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் கடைசி வளைவுகளில் பெடலை மிதித்தும் கார் நிற்க மறுக்கும். அந்தக் கால சாரதிகள் இதை அறிந்தே ஓட்டினார்கள்: எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய ஏ-சீரிஸ் கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு மாற்ற, கிளட்சை இரண்டு முறை மிதித்து நடுவில் எஞ்சின் வேகத்தை உயர்த்தத் தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டு வளைவில் முன்னால் ஒரு பேருந்து திடீரென்று நிற்கும்போது அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

பிரேக் எண்ணெய் இன்னொரு விஷயம். சாதாரணமாகப் பயன்படும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடக் கூட அதன் கொதிநிலை இறங்கும், சூட்டில் ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சாகிவிடும். கண்டியின் ஈரக் காற்றில், அதுவும் வாரத்தில் ஐந்து நாட்கள் கொட்டகையில் நிற்கும் காரில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பெரிய செலவு இல்லாத இந்த வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் கவலை.

வாங்குவதற்கு முன் ஒரு பரீட்சை வைக்கலாம். நகரத்திலிருந்து ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் வரை காரை ஏற்றி, அங்கே பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, கீழே இரண்டாம் கியரில் இறக்க வேண்டும். அடிவாரத்துக்கு வந்ததும் பெடலை அழுத்திப் பிடித்தால் அது அசையாமல் நிற்கிறதா, மெதுவாகத் தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். சில்லுகளின் அருகே கையைக் கொண்டுபோனால் சூட்டின் அளவு தெரியும். ஒரு சில்லு மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டால் அங்கே பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கிறது. ஓடாமல் நின்ற பழைய கார்களில் இது சாதாரணமாக வரும் நோய். 1962இலிருந்து ஸ்பிரைட், மிட்ஜெட் கார்களின் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அதே ஆண்டில் அறிமுகமான எம்ஜிபிக்கும் முன்பக்கம் டிஸ்க்தான். கண்டியில் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், டிஸ்க் உள்ள வருடத்தைத் தேடிப்பிடிப்பதே சரி. வரலாற்றுத் தூய்மைக்காக டிரம்மை விரும்புவோர் சமவெளியில் வாழ்வது நல்லது.

புதியவற்றின் பக்கம் பார்த்தால், மலைப்பாதைக்கென்றே செய்ததுபோன்ற இரண்டு கார்கள் முன்னுக்கு வருகின்றன. ஒன்று ஹொண்டா எஸ்-660. 2015 முதல் 2022 வரை ஜப்பானில் தயாரான இது 658 சிசி டேர்போ எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ஜப்பானின் கெய் வகைக் கார்களுக்கான எல்லையான 64 குதிரைவலுதான் இதற்கும். எடை 850 கிலோவுக்கு உட்பட்டது. இலங்கையில் உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படுவதால், சிசி குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இங்கே தனிக் கவர்ச்சி உண்டு. ஆனால் இரண்டு பேர் ஒரு இரவு தங்கிவரப் பையோடு புறப்பட்டால் பையை மடியில்தான் வைக்க வேண்டும்.

மற்றொன்று மஸ்டா எம்எக்ஸ்-5. 1960களின் லோட்டஸ் எலான் போன்ற பிரித்தானியத் திறந்த கார்களின் இன்பத்தை, மழையில் ஒழுகாமலும் காலையில் மறுப்புச் சொல்லாமல் ஸ்டார்ட் ஆகியும் தர வேண்டும் என்ற எண்ணத்தில் 1989இல் பிறந்தது. 2016இல் அதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. 2015இல் வந்த நான்காம் தலைமுறையின் 1.5 லீற்றர் கார் ஏறக்குறைய ஒரு தொன் எடைதான். இன்றைய கார்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகும்போது இது ஒரு சாதனை. எம்ஜி இலச்சினையோடு இன்று வரும் சைபர்ஸ்டர் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார், ஏறக்குறைய 950 கிலோ எடையுள்ள பழைய எம்ஜிபியைப்போல் இரு மடங்கு கனம். இறக்கத்தில் மின்மோட்டாரே பிரேக்காகி பற்றரியை நிரப்பும் என்பது உண்மை; ஆனால் வளைவில் அந்தக் கனத்தைத் திருப்ப வேண்டியிருப்பதும் உண்மை.

உயரம் எஞ்சினையும் சோதிக்கிறது. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. கண்டியில் சீராக வைத்த கார்புரேட்டர் மேலே போனதும் தேவைக்கு அதிகமாகப் பெற்றோலைக் கொடுக்கும். கார் கொஞ்சம் மூச்சுத் திணறும், புகை கறுக்கும், பிளக் கரிபிடிக்கும். புதிய காரில் ஒட்சிசன் உணரி இதை உடனே அறிந்து அளவைத் திருத்திவிடும், சாரதிக்குத் தெரியாமலே. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஈயம் இருந்த காலத்தில் வடிவமைத்த எஞ்சினின் வால்வு அமரும் இடம் மென்மையானது. கடினமான வளையம் பொருத்தாவிட்டால் நாளடைவில் தேய்ந்து அமுக்கம் குறையும். பழைய எஞ்சினை வாங்குபவர் சிலிண்டர் ஹெட் எப்போது இறக்கப்பட்டது, அந்த வேலை செய்யப்பட்டதா என்று கேட்பது கட்டாயம். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் உண்டு.

மழையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கண்டிக்காரர்களுக்குத் தெரியும். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திறந்த காரை வெளியே எடுக்க மனம் வராது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் பழைய காரின் பருவம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழை மலையகச் சாலைகளை மண்சரிவுகளால் அறுத்துப் போட்டதற்குப் பிறகு, தாழ்ந்த வயிற்றோடு ஓடும் எந்த ஸ்போர்ட்ஸ் காரையும் எடுப்பதற்கு முன் பாதை விசாரித்துப் புறப்படுவது வழக்கமாகிவிட வேண்டும்.

சந்தை நிலைமை இரண்டு பக்கமும் இறுக்கமாகவே இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்து வருடம் ஒரு கார்கூடச் சாதாரணமாக உள்ளே வராத நாட்டில் பாவித்த கார்களின் விலை எங்கே போகும் என்பதை எல்லோரும் பார்த்தோம். திறந்த பிறகும் உற்பத்தி வரியும் சொகுசு வரியும் பெறுமதிசேர் வரியும் சேர்ந்து ஸ்போர்ட்ஸ் காரை எட்டாத உயரத்தில் வைத்திருக்கின்றன. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காரைச் சாதாரண வழியில் இறக்க முடியாது என்பதால், ஜப்பானில் மலிவாகக் கிடைக்கும் பழைய எம்எக்ஸ்-5ஐக் கொண்டுவந்து சேர்ப்பதும் நடக்காது. தீவுக்குள் ஏற்கெனவே இருப்பவைதான் இருப்பவை, பழையவையும் சரி, ஓரளவு புதியவையும் சரி.

இதனால் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 போன்ற ஒரு கார் கைக்கு எட்டினால் அதை விட்டுவிடக் கூடாது. உலகப் பழங்காலக் கார்ச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா முப்பது வயதைத் தாண்டிய வாகனத்தை வரலாற்று வாகனமாகக் கொள்கிறது. 1989இல் தொடங்கிய அந்தக் காரின் முதல் ஆண்டுகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. நான்கு சில்லுக்கும் டிஸ்க், பெற்றோலை ஊசியால் செலுத்தும் எஞ்சின், எல்லாக் கியருக்கும் சின்க்ரோமெஷ். கூடவே அறுபதுகளின் கார்களுக்குரிய எளிமை. கண்டிச் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான நடுவழி இல்லை.

அது கிடைக்காதவர் தன் வார இறுதி எப்படிப்பட்டது என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை நுவரெலியாவில் உறவினர் வீட்டுக்குப் போய், ஞாயிறு இரவு மூடுபனியில் மனைவியோடு இறம்பொடை வழியாகத் திரும்புபவர் புதிய காரையே வாங்கட்டும். ஏபிஎஸ், காற்றுப்பை, நல்ல விளக்கு ஆகியவை அந்த இறக்கத்தில் ஆடம்பரம் அல்ல. வீட்டில் வேறு கார் இருந்து, மழைபடாத கொட்டகையும் நம்பிக்கையான மெக்கானிக் பாஸும் இருந்து, ஞாயிறு அதிகாலை பேராதனைப் பக்கமோ திகனப் பக்கமோ ஒரு சுற்றுப் போய்வர மட்டுமே ஆசைப்படுபவருக்குப் பழைய காரைப்போல இன்பம் தருவது வேறில்லை. ஆனால் அதை ஓட்ட வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டையில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். அப்போது மாதக்கணக்கில் அசையாமல் நின்ற பழைய கார்களில் பெற்றோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்தது. இரப்பர் சீல்கள் காய்ந்து வெடித்தன. நிற்பதே பழைய காரைக் கொல்கிறது.

இரண்டு வகையையும் ஒரே ஏற்றத்தில் அருகருகே பார்க்க விரும்புபவர் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குப் போகலாம். நுவரெலியாவில் தேயிலைத் தோட்டச் சாலையில் 1934இல் தொடங்கிய இது ஆசியாவின் மிகப் பழைய மோட்டார் விளையாட்டுப் போட்டிகளில் ஒன்று. ஒவ்வொரு காராக, கடிகாரத்துக்கு எதிராக ஏறும். எஞ்சினின் சத்தத்தைவிட, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் சாரதி எங்கே பிரேக்கை மிதிக்கிறார் என்பதைக் கவனித்தால் காரைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

விலை பேசி முடிப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். தட்டுப்பாட்டுக் காலங்களில் பிரித்தானியக் கார்கள் பலவற்றுக்கு ஜப்பானிய எஞ்சின் மாற்றப்பட்டது. டட்சன் எஞ்சினோடு ஓடும் மொரிஸ் மைனர் இலங்கையில் புதுமை அல்ல. மாற்றியது குற்றமில்லை, ஆனால் புதிய எஞ்சின் இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் பொறித்திருக்கும் இலக்கங்களை டோர்ச் வெளிச்சத்தில் வாசித்து, புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும், அதைத் திருத்தித் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி, திருத்தம் முடிந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.